என் ஹவுஸ்கோட்டில் ஒரு றொக் பாடகர்

அந்த ஆங்கிலப் படத்தை நாங்கள் பார்த்திராவிட்டால் என் கலியாணக் கூறைச்சேலையில் ஆணி ஏறியிருக்காது. நான்கு ஓட்டைகள். முந்தானையில் இரண்டு, மற்றத் தலைப்பில் இரண்டு. சேலை இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது கேட்டால் எலி கடித்தது என்று சொல்லுவேன். ஊரைவிட்டு வந்து பார்க்டேலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எலிக்கும் கரப்பானுக்கும் குறைவிருக்கவில்லை என்பதால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். என் மனுசன் நகரின் நடுவே ஒரு வாகனத் தரிப்பிடத்தில், நிமிர்ந்து நின்றால் தலை முட்டும் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுத்தார். எட்டு மணித்தியாலம் வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. அது அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் தொடர்ந்து செய்தார்.

அந்த மனுசன் ஒரு காலத்தில் பொப் பாடகர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் சனம் பொப்பிசை விசர் பிடித்து அலைந்த காலத்தில், அகலக் காற்சட்டையும் காதை மூடிய தலைமயிருமாக மேடையில் ஆடிப் பாடியவர். நான் அவரை முதலில் கண்டது ஒரு கார்னிவலில். பெட்டைகள் எல்லோரும் ஒரு பக்கமாக நின்றோம். அவர் வாயைத் திறந்தார். பொய் சொல்லி என்ன, அந்த ஒரு பாட்டிலேயே விழுந்துவிட்டேன். பிறகு திரும்பிச் சுற்றிவரப் பார்த்தேன். என்னோடு நின்ற அத்தனை பேரும் விழுந்துதான் கிடந்தார்கள். எனக்கு வந்த எரிச்சல்! அந்தப் பாட்டு எனக்கு மட்டும் வந்திருக்க வேண்டும் போல இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவருடைய சம்பந்தமே எங்கள் வீட்டுக்குப் பேசி வந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதைவிட்டு அண்ணாவைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை சொன்னேன். "உவர் பாட்டை விட்டால் எனக்குச் சம்மதம். மேடையிலை மட்டுமில்லை, வீட்டிலையும் பாடப்படாது." வீட்டில் பாடினால் மெல்ல மெல்ல மேடைக்குப் போய்விடுவார் என்று பயம். அண்ணா அதை ஒரு சொல் குறையாமல் கொண்டுபோய்ச் சொன்னார். அவர் சம்மதித்து "ஓம்" என்றாராம்.

ஓம் என்றதோடு நின்றிருக்கலாம். சொன்னதைக் காப்பாற்றினார். அதுதான் எனக்கு நடந்த அநியாயம். குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு இல்லை. மகள் பிறந்து இரவிரவாக வீரிட்டு அழுதபோது, கரகரத்த குரலில் ஆராரோ சொன்னது நான்தான். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்தார். ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. "பாடுங்கோவனப்பா, இப்ப ஆர் வேண்டாமெண்டது?" என்றேன். "விட்டாச்சு" என்றார். அவ்வளவுதான். பதினாறு வருடத்தில் எத்தனையோ தரம் கேட்டிருப்பேன். கெஞ்சியிருக்கிறேன், ஏசியிருக்கிறேன், ஒருதரம் சட்டியைத் தூக்கி எறிந்துமிருக்கிறேன். சாகிறதுக்கிடையில் இந்த மனுசன் வாயால் ஒரு பாட்டுக் கேட்டுவிட வேண்டும். எனக்கு அதைவிட வேறு ஆசை இருக்கவில்லை.

எங்களுக்கு மேல் மாடியில் தமிழ்நாட்டுப் பெடியன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தான். என் மனுசனின் பழைய கதையை யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் கதவைத் தட்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சார், நீங்க ராக் ஸ்டாராமே!" என்றான்.

மனுசன் என்னைப் பார்த்தார். "அது வேறை ஆருமாயிருக்கும்" என்றார்.

"அவர்தான் தம்பி, உள்ளுக்கு வந்து இரும்" என்றேன் நான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் எங்கள் இரண்டு பேரையும் பழைய படங்கள் போடும் ஒரு தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனான். பிரிட்டிஷ் படம். ஒரு பெரிய றொக் பாடகன் அதில் நடிக்கிறான், அதைச் சார் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றான். படத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் யாராவது தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் உதெல்லாம் பாக்கிறனீங்களோ?" என்று கேட்பார்கள்.

தியேட்டரில் இருபது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் கறுப்புச் சட்டை. படம் தொடங்கியதும் அவர்கள் நடிகர்களோடு சேர்ந்து வசனம் சொல்லத் தொடங்கினார்கள். மனப்பாடம்! கோயிலில் தேவாரம் சொல்லும் கிழவர்கள் தோற்றுப்போவார்கள். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சண்டியன் ஒருவன் தன் கூட்டத்துக்குப் பயந்து ஒளிக்க இடம் தேடுகிறான். லண்டனில் பெரிய பழைய வீடொன்றில் அறை கிடைக்கிறது. வீட்டுக்காரன் முன்னாள் பாடகன். பாட்டு அவனைக் கைவிட்டுப் போய்விட்டது. வெளியே இறங்காமல், கண்ணுக்கு மை பூசிக்கொண்டு, பெண்கள் போடுகிற மாதிரிப் பட்டு அங்கி போட்டுக்கொண்டு, புகைக்குள் கிடக்கிறான். கம்பளத்துக்கு மேல் கம்பளம், சீலைக்கு மேல் சீலை, கூட்டிப் பெருக்கி எத்தனை வருடமோ. குளியல் தொட்டிக்குள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. சீ, என்ன கண்டறியாத படம் என்று முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி சோளப்பொரியை வாயில் போடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தேன்.

அந்தப் பாடகனின் நடிப்பு என்று சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. எங்களுக்கு நடிப்பென்றால் கன்னம் துடிக்க வேண்டும், உதடு நடுங்க வேண்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்க வேண்டும். இவன் படுத்திருந்தான். எழும்பினான். கண்ணாடியைப் பார்த்தான். ஒரு சொல் சொல்ல அரை நிமிடம் எடுத்தான். "உவனுக்கு நடிக்கத் தெரியாதப்பா" என்று மனுசனின் காதில் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்சம் போகத்தான் எனக்கு விளங்கியது. மற்றவர்கள் எல்லோரும் நன்றாக நடிக்கிறார்கள். சண்டியனாக வந்தவன் உயிரைக் கொடுத்து நடிக்கிறான். ஆனால் இவன் ஒரு மூலையில் சும்மா கிடந்தாலும் கண் இவனிடம்தான் போகிறது. எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்து பழகிப்போனவனின் சோம்பல் அது. அதற்கு அடியில் ஒரு பயமும் இருந்தது, இப்போது யாருமே பார்க்கவில்லையோ என்ற பயம். அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வருடமாகச் சோறு போட்டு வீட்டில் வைத்திருக்கிறேன்.

பிறகு, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், அவன் பாடினான். அதுவரை கிடந்த சோம்பேறியைக் காணவில்லை. உடம்பு வேறு, கண் வேறு. தியேட்டரில் வசனம் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிவிட்டார்கள். நான் தற்செயலாகக் குனிந்தேன். கதிரைக் கையில் என் மனுசனின் சுட்டுவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல், மெல்ல. அதற்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் பெடியன் நிறுத்தாமல் பேசினான். "அவரு நடிக்கல சார். சும்மா இருந்தாரு. ஒரு பாட்டுக்காரன் பாடாம இருந்தா எப்படி இருப்பானோ அப்படி இருந்தாரு. அதான் சார் அந்தப் படமே. நீங்களும் அப்படி இருந்தாப் போதும். கடைசியில ஒரே ஒரு பாட்டு." அவன் ஒரு குறும்படக் கதை எழுதி வைத்திருந்தான். ஓடி ஒளிக்கிற சண்டியன், பார்க்டேல் அப்பார்ட்மென்றில் முன்னாள் தமிழ்ப் பாடகர், முடிவில் பாட்டு.

"எனக்கு உந்த விளையாட்டெல்லாம் சரிவராது தம்பி" என்றார் மனுசன்.

"சரிவரும். செய்வார்" என்றேன் நான். அந்த விரலைக் கண்ட பிறகு எனக்கு என்ன வெட்கம்?

கமெரா வேண்டும். பல்கலைக்கழகக் கமெரா கிடைக்க அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டுமாம். எங்கள் சனத்துக்குள் கமெராவும் லைற்றும் வைத்திருந்தது கலியாணவீட்டு வீடியோக்காரர்கள்தான். அவர்களில் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், காசில்லாமல் எடுத்துத் தருகிறேன் என்றார். கலியாணமும், பெட்டைகள் பெரியபிள்ளையாகிற சாமத்தியவீடும் எடுத்து அலுத்துப்போய் ஒரு கலைப்படம் எடுக்க அவருக்கும் ஆசை. சண்டியன் வேடத்துக்கு ஆள் வரவில்லை. கடைசியில் பெடியனே நடித்தான். ஈர்க்கில் மாதிரி உடம்பு, அதில் ஒரு தோல் ஜக்கற். பார்க்கப் பாவமாக இருந்தது.

வீடு அழுகின பணக்கார வீடு மாதிரி இருக்க வேண்டும் என்றான் பெடியன். எங்கள் வீட்டில் அழுகல் இருந்தது, பணக்காரத்தனம் இருக்கவில்லை. தொழிற்சாலையில் கழித்துவிட்ட ஊதாத் துணிகளை மனேச்சரிடம் கேட்டு வாங்கி வந்து யன்னலெல்லாம் தொங்கவிட்டேன். சுவர் வெறுமையாக இருக்கிறது, தங்கச் சரிகை மாதிரி ஏதாவது வேண்டும் என்றான். அலுமாரியைத் திறந்து என் கூறையை எடுத்துக் கொடுத்தேன். "அக்கா, இது உங்க கல்யாணப் புடவையா?" என்று தயங்கினான். "அடியும் தம்பி ஆணியை" என்றேன். மனுசன் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டு அங்கிக்குப் பதில், வீட்டில் நான் போடுகிற ஹவுஸ்கோட். சிவப்பில் மஞ்சள் பூப் போட்டது, மலிவு விற்பனையில் வாங்கியது. கையைக் கொஞ்சம் இறக்கித் தைத்துக் கொடுத்தேன். மையும் நான்தான் பூசினேன். கதிரையில் இருத்தி, நாடியைப் பிடித்து நிமிர்த்தி, கீழிமையை இழுத்துப் பூசினேன்.

"எரியுது" என்றார்.

"ஆட்டாதையுங்கோ. அந்த வெள்ளைக்காரன் பூசேல்லையே?"

"அவனுக்கு ஆர் பூசினதோ தெரியாது."

"ஆரும் பெண்டாட்டி பூசியிருக்கமாட்டாள். அது மட்டும் தெரியும்."

சிரித்தார். மை இழுபட்டுவிட்டது. திரும்பத் துடைத்துப் பூசினேன். அவருடைய முகத்தை அவ்வளவு நேரம் அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கலியாண நாளில்கூட இல்லை.

மூன்று சனிக்கிழமை படம் பிடித்தார்கள். வீடியோக்காரருக்குப் பழக்கதோஷம். "அண்ணை, இஞ்சை பாத்து ஒருக்காச் சிரியுங்கோ" என்பார். "அண்ணா, அவரு சிரிக்கக் கூடாது!" என்று பெடியன் கத்துவான். மனுசன் அந்தப் பாடகனை மாதிரியே கிடந்தார். எனக்கென்றால் அது நடிப்பாகவே தெரியவில்லை, வழக்கமாகச் சோபாச் செற்றியில் கிடக்கிற கிடைதான். ஆனால் கமெராக் கண்ணாடிக்குள்ளால் பார்க்க விட்டார்கள். பார்த்தேன். வேறு பக்கம் பார்க்க முடியவில்லை.

நாலாம் சனிக்கிழமை பாட்டு. மகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் காலையிலேயே தலைமுழுகி, கொஞ்சம் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கதிரையும் போட்டு இருந்துவிட்டேன். அப்போதுதான் மனுசன் பெடியனைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்தல்ல.

"இவ வீட்டுக்குள்ளை நிக்கேக்கை நான் பாடமாட்டன்."

வீடியோக்காரர் லைற்றைத் திருப்புவது போல அந்தப் பக்கம் திரும்பினார். பெடியனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் கூறைக்கு முன்னால், என் ஹவுஸ்கோட்டுக்குள், நான் பூசின மையோடு நின்று என்னைப் போகச் சொல்கிறார்! ஏசியிருப்பேன். வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் பாட்டுக் கெட்டுப்போகும். நான் அந்த நாளில் சொன்ன நிபந்தனைக்கு இன்றைக்குப் பதில் நிபந்தனை, சரிக்குச் சரி என்று நினைத்தேன். அதோடு, கசெற்றில் எல்லாம் விழப்போகிறதுதானே. ஒருதரமல்ல, நூறுதரம் கேட்கலாம்.

"நான் போறன். பாடுங்கோ" என்று சொல்லி, ஊத்தை உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலுக்கு வெளியே கொறிடோரில் ஒரு நிமிடம் நின்றேன். எங்கள் கதவு மெல்லிய பலகை. பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தமே கேட்கும். காதை வைத்தால் போதும். வேண்டாம், இந்த ஒரு தடவையாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம் என்று லிப்ற்றில் ஏறினேன். பேஸ்மென்றில் லோன்றி அறை. எட்டாம் மாடிப் பாட்டு அங்கே கேட்காது என்று தெரியும். ஆனாலும் எங்கள் உடுப்பை இரண்டு மெசினில் போட்டேன். வெறும் மெசின் ஒன்றுக்கும் காசு போட்டு ஓடவிட்டேன். அந்த இரைச்சலுக்கு நடுவே, நல்ல சேலையோடு, மர வாங்கில் குந்தியிருந்தேன். பைத்தியக்காரி. எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

உடுப்பு காய்ந்து முடியும் நேரம் வீடியோக்காரர் லைற்றுத் தடிகளோடு கீழே வந்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, அண்ணை என்னை அழப்பண்ணிப்போட்டார்."

"என்ன பாட்டு?"

"படத்திலை கேளுங்கோவன்! இப்ப சொன்னால் ருசி போயிடும்."

மேலே போனேன். மனுசன் முகம் கழுவிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மை முழுக்கப் போகவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், ஏதோ கேட்கப்போகிறவர் போல. நான் உடுப்பு மடித்தேன். நல்லாய்ப் பாடினீர்களாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கசெற்றைப் பார்த்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

பெடியன் விடுமுறைக்குச் சென்னைக்குப் போனான். எப்படி வெட்டி ஒட்ட வேண்டும் என்று நாலு பக்கத்தில் எழுதி வீடியோக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் திரும்பி வந்த கிழமை, ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம் ஒரு கலை விழாவில் படத்தைப் போட்டார்கள். நூற்றைம்பது பேர், றோல்ஸ், பால் தேத்தண்ணி, ஓடித்திரியும் பிள்ளைகள். நான் நடுவில், ஒரு பக்கம் மகள், மற்றப் பக்கம் மனுசன். மகளும் தகப்பன் பாடிக் கேட்டதில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

ஹவுஸ்கோட்டைக் கண்டதும் சனம் சிரித்தது. "உதென்ன கோலம்!" என்று பின்னால் ஒரு அன்ரி கேட்டது காதில் விழுந்தது. சிரித்துத் துலையுங்கோ என்று இருந்தேன். எனக்கு வேண்டியது கடைசி மூன்று நிமிடம். அது வந்தது. திரையில் என் கூறை. அதற்கு முன்னால் மனுசன் எழும்பி நிற்கிறார். உடம்பு நிமிர்கிறது. அந்தக் கார்னிவல் மேடையில் கண்ட அதே தோள். வாயைத் திறக்கிறார்.

சினிமாப் பாட்டு வந்தது.

அந்த வருடம் எல்லாக் கலியாணவீட்டுக் கசெற்றிலும் கேட்ட பாட்டு. வயலின்கள் நூறு, கூடவே ஒரு பெண் குரல். திரையின் நான்கு மூலையிலும் ரோசாப் பூக்கள் விரிந்தன. சனம் கை தட்டியது. எனக்கு முதலில் விளங்கவில்லை. இவர் இந்தப் பாட்டையா பாடினார் என்று யோசித்தேன். வாய் ஒன்று சொல்ல, பாட்டு இன்னொன்று சொன்னது. மகள்தான் என் கையை இழுத்துச் சத்தமாகக் கேட்டாள். "அம்மா, why is he lip-syncing? அதுவும் வடிவாச் செய்யேல்லை."

மனுசனைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த றோல்ஸில் ஒரு கடி கடித்தார். முன் வரிசையில் பெடியன் எழும்பி, யாரையும் பாராமல், தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் வீடியோக்காரரின் பேஸ்மென்றுக்குப் போனேன். அவர் வலு சந்தோசமாகக் கதவைத் திறந்தார். "அக்கா, எப்பிடி? சனம் கை தட்டினதைப் பாத்தீங்களே?"

"தம்பி, அவர் பாடின பாட்டு எங்கை?"

"அதுவோ..." தலையைச் சொறிந்தார். "கலியாணவீட்டிலை நாங்கள் ஒருநாளும் அங்கத்தைச் சத்தத்தை வைக்கிறேல்லை அக்கா. இரைச்சல். எல்லாத்தையும் எடுத்துப்போட்டுப் பாட்டுப் போடுறதுதான். இதிலையும் பிரிஜ் இரையிறது கேட்டுது, கீழை ஸ்ரீற்கார் போற சத்தம் விழுந்துபோச்சு. அண்ணைக்கும் கனகாலம் பாடாமல் குரல் உடைஞ்சுபோச்சு. ரெண்டு இடத்திலை இருமலும் வந்தது. சனத்துக்கு முன்னாலை அவருக்கு மானக்கேடெண்டு நினைச்சுத்தான்..."

"நீர் அழுதனீர்தானே?"

"அழுதனான் அக்கா. ஆனால் அது வேறை. படத்துக்குச் சரிவராது."

"முதல் எடுத்த கசெற்றைத் தாரும். அதிலை சத்தம் இருக்குமெல்லே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிஸ்ஸிசாகாவில் ஒரு சாமத்தியவீடு வந்ததாம். கையில் புதுக் கசெற் இருக்கவில்லையாம். அதற்கு மேலேயே எடுத்துவிட்டாராம். என் மனுசனின் பாட்டுக்கு மேல் யாரோ ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறார்கள். அடித்திருப்பேன், கோதாரி. ஆனால் அந்த ஆள் உண்மையாகவே என் மனுசனின் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு நின்றார். பெடியன் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தை எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதை வாசித்திருக்கவே இல்லை.

அன்று பாட்டைக் கேட்ட ஆட்கள் மூன்று பேர். ஒருவர் பாடினவர். வீடியோக்காரருக்குப் பாட்டு ஞாபகமில்லை, "ஏதோ அந்தக் காலத்துப் பாட்டு" என்றார். மிஞ்சியது பெடியன். அவன் மேல் மாடியில் முகம் வீங்கிப் படுத்திருந்தான்.

"எனக்கு அந்தப் பாட்டு தெரியாதுக்கா. உங்க ஊர்ப் பாட்டு. பாதி வரி புரியல. மெட்டும் இப்போ மறந்துபோச்சு, மன்னிச்சிருங்க." கட்டிலில் எழும்பி இருந்தான். "ஆனா ஒண்ணு. என்னைப் பாத்துப் பாடுங்கன்னு சொல்லியிருந்தேன். சார் என்னைப் பாக்கவே இல்ல. கடைசி வரைக்கும் கதவைப் பாத்துத்தான் பாடினாரு."

கீழே வந்து, வீடியோக்காரர் தந்த கசெற்றைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். உண்மைதான். கண் கமெராவில் இல்லை, சண்டியனில் இல்லை. இடது பக்கமாக ஓரிடத்தில் நிற்கிறது. வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று? செருப்பு வைக்கிற தட்டு, அதற்குப் பக்கத்தில் கதவு. வாய் திறந்து திறந்து மூடுகிறது. இரண்டு இடத்தில் இருமுகிறார். பாட்டு முடிந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதற்குமேல் ரோசாப் பூ வந்து மூடிவிடுகிறது.

மறுநாள் காலை அவர் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"என்னப்பா, அண்டைக்கு என்ன பாட்டுப் பாடினனீங்கள்?"

"ஏன், நீர் கேக்கேல்லையே?"

"எங்கை கேட்டது? அதைத்தான் அவன் அழிச்சுப்போட்டானே."

"கசெற்றை விடும். அண்டைக்குக் கேக்கேல்லையோ?" சப்பாத்துக் கயிறு கையில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீர் கொறிடோரிலை நிப்பீர் எண்டு நினைச்சுத்தானே நான் பாடினனான்."

"நான் கீழை லோன்றியிலை இருந்தனான்."

"உண்மையாவோ?"

"ஓம்."

அவர் குனிந்து மற்றச் சப்பாத்தையும் கட்டினார். எழும்பினார்.

"நீர் ஒருநாளும் ஒருத்தற்றை சொல்லையும் கேக்கிற ஆளில்லையே" என்றார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.